துபாஷியின் நாற்காலி

அரக்கோணம் செல்லும் புறநகர் வண்டி செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் நிற்கிற அந்தச் சொற்ப நேரத்துக்குள், செவிகொடுத்துக் கேட்பவருக்குத் தமிழும் தெலுங்கும் ஹிந்தியும் ஒரியாவும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய, தென்னாட்டின் முதல் பிரயாணி இருப்புப்பாதை இவ்வழியேதான் சென்றது. இன்று காக்களூர்த் தொழிற்பேட்டையையும் வடக்கே கும்மிடிப்பூண்டி ஆலைகளையும் நம்பிப் பீகாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் வந்து குடியேறிய இளைஞர் எத்தனையோ பேர். ஆயினும் அந்நிய பாஷை இந்தச் சீமைக்குப் புதிதன்று. இரு பாஷைகளின் நடுவே நிற்பதையே ஒரு ஜீவனமாக வளர்த்த சீமை இது.

துபாஷி என்றால் இரண்டு பாஷை அறிந்தவன். கும்பினியார் சென்னைக் கரையில் கோட்டை கட்டிய காலந்தொட்டு, அவர்கள் துணிக்கு விலை பேசியதும், கடன் வாங்கியதும், வழக்குத் தீர்த்ததும் துபாஷிகளின் நாவைக் கொண்டுதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளெக்ஸுக்குத் துபாஷியாக விளங்கி, 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை பெரம்பூரிலே பிறந்தவர். பெருந்தனமும் தருமமும் ஒருங்கே பெற்ற துபாஷி பச்சையப்ப முதலியார் 1754-ல் பிறந்தது இந்தச் சீமையைச் சேர்ந்த பெரியபாளையத்தில். இவர்கள் மதிநுட்பத்தை நான் வணங்குகிறேன். எனினும் துபாஷி என்பவன் தனக்குத் தரகு கொடுத்தவனுடைய மனிதனாகவே இருந்தான் என்பதையும், குடியானவன் நீட்டி அழுததைத் துரையின் காதுக்கு ஏற்பச் சுருக்கிச் சொல்ல அவனுக்கு எப்போதும் வசதி இருந்தது என்பதையும் மறைக்க இயலாது.

பச்சையப்பர் காலமான அதே 1794-ல், வாலண்டைன் கனாலி என்னும் வைத்தியர் சென்னைப் புரசைவாக்கத்தில் சித்தசுவாதீனமற்றோருக்கென ஒரு விடுதியை ஏற்படுத்தினார். அதன் வழிவந்த ஸ்தாபனமே 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்குச் சென்று இன்றளவும் நிலைத்திருக்கிறது. அடைத்துக் காவல் வைப்பதற்குப் பாஷை தேவையில்லை. பேசியே குணப்படுத்துவது என்ற எண்ணம் பிறந்த பிறகுதான் அது தேவையாயிற்று. அவ்வெண்ணத்துக்குப் பேச்சுச் சிகிச்சை என்று பெயரிட்டவள், 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வியன்னாவில் பிராயர் என்ற வைத்தியரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண். நோயின் வேகத்தில் தன் தாய்மொழியான ஜெர்மனை இழந்து, ஆங்கிலம் மட்டுமே பேசக்கூடியவளாக இருந்த நாட்களில், அந்த ஆங்கிலத்திலேதான் அப்பெயரை அவள் சூட்டினாள். வைத்தியருக்கும் ஆங்கிலம் தெரிந்திருந்தது அவளுடைய பாக்கியம்.

அந்தப் பாக்கியம் இங்கே எத்தனை பேருக்குண்டு? 1847-ல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிரீன் என்ற வைத்தியர் தாமே தமிழ் கற்று, தமிழிலேயே வைத்திய சாஸ்திரம் போதித்தார். ஆனால் காலையில் ஒரியாவும் மாலையில் போஜ்புரியும் கேட்கும் வைத்தியர் எதை முதலில் கற்பார்? ஆகவே துபாஷி மறுபடியும் வேண்டியவனாகிறான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். உறக்கமின்றி வாடும் வடநாட்டுத் தொழிலாளி ஒருவன், "தில் பைட் ரஹா ஹை" என்கிறான். சொல்லுக்குச் சொல் வைத்தால், நெஞ்சு உட்கார்ந்துகொண்டிருக்கிறது என்றாகும். வைத்தியர் மார்புவலி என்று நினைத்து வேறு பரிசோதனைக்கு அனுப்பிவிடக்கூடும். அவனை அழைத்து வந்த காண்டிராக்டரே நடுவில் நின்றால், "வேலைக்குப் பயப்படுகிறான் ஐயா" என்று முடித்துவிடவும் கூடும். மனம் துவண்டு விழுகிறது என்று அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஏன், பாஷை ஒன்றாயிருந்தாலும் இந்தச் சங்கடம் உண்டு: கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் ஈழத்துத் தாய் "எனக்குக் கதைக்க ஏலாது" என்றால் பேச முடியவில்லை என்று அர்த்தம், நம்மவர் காதில் அது கதை சொல்லும் விஷயமாக விழும்.

சிகிச்சை அறையில் மொழிபெயர்க்கும் இத்துறையில் தேர்ந்தவர்கள் வகுத்த முறை எளிது. நோயாளியும் வைத்தியரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, துபாஷியின் நாற்காலி சற்றே பக்கவாட்டில் இருக்கும். அவர் "இவன் சொல்கிறான்" என்னாமல் "நான்" என்றே பேசுவார், கூட்டார், குறையார், கேட்ட அந்தரங்கத்தை வாசலுக்கு அப்பால் கொண்டுபோகார். உறவினரும், முதலாளியின் ஆட்களும், முக்கியமாகக் குழந்தைகளும் அந்நாற்காலியில் அமரலாகாது. பிறர் துயரைத் தன்மையில் சொல்லிச் சொல்லி அவர் நெஞ்சமும் கனத்துப் போவதால், எல்லாம் முடிந்தபின் வைத்தியர் அவரோடும் சிறிது நேரம் பேசியிருப்பது அவசியம். இம்முறை முழுதும் பழைய துபாஷிக்கு இல்லாத தருமம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சைக்குச் சம்மதம் கேட்குமுன் நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கவேண்டும் என்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவி பல இந்திய மொழிகளில் கிடைக்கிறது. அதன் எண் 14416. இரு பாஷை அறிந்த அன்பர்கள் இச்சீமையில் அநேகர் இருக்கிறீர்கள். உங்கள் பக்கத்து அறையில் உறங்காமல் கிடக்கும் தொழிலாளிக்கு அந்த எண்ணை அவன் மொழியிலேயே சொல்லிக் கொடுங்கள்.