இருசும் ஆக்சிலும்

மாட்டுவண்டியின் இரு சக்கரங்களையும் தாங்கி நிற்கும் தண்டுக்கு இருசு என்று பெயர். தெலுங்கிலும் இதே சொல்தான். அச்சு என்றாலும் அதுவே. வடமொழி 'அக்ஷ'த்திலிருந்து வந்ததென்பர். அச்சடிக்கும் அச்சு வேறு சொல். சக்கரம் கழலாமல் இருசின் நுனியில் செருகுவது அச்சாணி. மேடைப் பேச்சாளர்கள் இரண்டையும் குழப்புவது வழக்கம். மயிலிறகே ஆனாலும் அளவுமீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பது 475ஆம் குறளின் செய்தி.

மதுரைப் பட்டறைகளில் 'ஆக்சில்' என்பார்கள். இது அந்நியச் சொல் அல்ல, அக்ஷத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டுக்கும் வேர் ஒன்று. மாறியது வேலைதான். இருசு சுமக்கும், சுழலாது. சக்கரம் மட்டுமே அதன்மேல் சுற்றும். பழைய மெட்டடார் வேனில் இழுவை முன்சக்கரங்களுக்கு. அங்கே ஆக்சில் தானே சுழன்று, திரும்பும் சக்கரத்துக்கும் விசையைக் கொண்டுபோக வேண்டும். ஆகவே அதற்கு மூட்டு தேவை. பட்டறையில் அது 'ஜாயின்ட்'. மூட்டு என்றால் முழங்கால் வலி என்று நினைத்துக்கொள்வார்கள்.

தேய்ந்த ஜாயின்ட்டைக் காது கண்டுபிடிக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தினால் 'டக் டக்' என்று சத்தம் வரும். அதற்கு முன்பே ரப்பர் உறையைப் பார்ப்பது நல்லது. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், திருமங்கலம் பக்கத்துக் கரிசல் புழுதி உள்ளே போகும். சத்தம் வருமுன் என்றால் கழற்றிக் கழுவி, புது கிரீஸும் உறையும் போட்டால் போதும். சத்தம் வந்தபின் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டியதுதான்.