சிவப்புக் கட்டடத்தின் நினைவில்

சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரே கூரையின் கீழ் எண்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகளோடு ஒரு கடை இருந்தது என்றால், "ஸ்பென்சர் பிளாசாவா?" என்று கேட்கிறார்கள் இன்றைய இளைஞர்கள். நான் சொல்வது, அந்த மண்ணில் அதற்கு முன்பு நின்ற கடையை.

1863-64இல் சார்லஸ் டூரண்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் இருவரும் தொடங்கிய வணிகம் அது. பின்னர் யூஜின் ஓக்‌ஷாட் கைக்குப் போனது. கடையைப் பெரிதாக வளர்த்தவர் அவர்தான். பெயர் மட்டும் ஸ்பென்சருடையதாகவே நிலைத்துவிட்டது. டபிள்யூ. என். போக்சன் வடிவமைத்த இந்தோ சாரசெனிக் பாணிக் கட்டடத்துக்கு 1895இல் கடை இடம்பெயர்ந்தது. இந்தியத் துணைக்கண்டத்தின் முதல் டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்ற பெருமை அதற்கு உண்டு.

எழுபதுகளில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை உள்ளே போனேன். வெளியில் கத்திரி வெயில். உள்ளே, உயர்ந்த கூரைக்குக் கீழே, கோயில் பிராகாரத்தில் நுழைந்தாற்போல ஒரு குளிர்ச்சி. எல்லாரும் தணிந்த குரலில் பேசினார்கள். அப்பா ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கினார். அதன் விலைக்கு எங்கள் தெருமுனைக் கடையில் இரண்டு வாங்கியிருக்கலாம். ஆனாலும் வீடு போய்ச் சேரும்வரை அதைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

அது வெள்ளைக்காரர்களுக்கான கடை, நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் உண்டு. வாசலை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் அந்தக் கடை வாசலோடு முடிந்துவிடவில்லை. தென்னிந்திய ரயில் நிலையங்களின் சிற்றுண்டி அறைகளையும் ரயில்களின் உணவுப் பெட்டிகளையும் ஸ்பென்சர் நடத்தியது. மவுண்ட் ரோட்டையே பார்த்திராத ஊர்க்காரர்களும் ஸ்பென்சர் சோடா குடித்திருக்கிறார்கள்.

ஸ்பென்சர் விற்ற சுருட்டின் கதை இன்னும் சுவையானது. திண்டுக்கல் வட்டாரப் புகையிலையில் உருட்டிய சுருட்டு, 'திருச்சினாப்பள்ளி' என்ற பெயரில் கப்பலேறியது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலையாளி திருச்சினாப்பள்ளிச் சுருட்டு பிடித்தவன் என்று சாம்பலை வைத்தே துப்பறிகிறார் ஹோம்ஸ். லண்டன் வாசகர் விளக்கமின்றிப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அந்தப் பெயர் அங்கே பழகியிருந்தது. அந்த வணிகத்தில் பெரும் பங்கு பெற்ற ஸ்பென்சர், திண்டுக்கல்லில் சுருட்டு ஆலையே வைத்திருந்தது. சர்ச்சில் விரும்பிப் பிடித்தது திண்டுக்கல் சுருட்டுதான் என்று அந்த ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

நிறுவனத்தின் வரலாற்றைச் சென்னை வரலாற்றாசிரியர் எஸ். முத்தையா நூலாகவே எழுதி வைத்தார். சென்னை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. அதே அக்கறையோடு சுருட்டு உருட்டியவர்களின், ரயிலில் தட்டேந்திப் பரிமாறியவர்களின், பில் எழுதிய குமாஸ்தாக்களின் நினைவுகளும் தொகுக்கப்பட வேண்டும். அவர்களில் எஞ்சியிருப்போர் முதுமையை எட்டிவிட்டார்கள். வீட்டில் அப்படி ஒரு தாத்தா இருந்தால், இன்று மாலையே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

1983இல் தீ அந்தக் கட்டடத்தை அழித்தது. இரண்டே ஆண்டுகளில் நகரின் இன்னொரு பழைய அங்காடியான மூர் மார்க்கெட்டும் எரிந்தது. பொருள் வாங்கப் போகிற சாக்கில் நகரத்தையே சுற்றிப் பார்த்த ஒரு தலைமுறைக்கு, இரண்டு முற்றங்கள் அடுத்தடுத்துப் பறிபோயின. பத்து ஏக்கர் அளவுள்ள அதே இடத்தில் 1991இல் பிளாசா திறக்கப்பட்டது. புதுப் பெயரின் முன்பாதியில் பழைய கடை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்பா பிளாசாவுக்குள் ஒருமுறைகூடப் போகவில்லை. ஆனால் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கடைசிவரை "ஸ்பென்சர் ரெண்டு" என்றுதான் டிக்கெட் கேட்பார். கண்டக்டரும் மறுபேச்சில்லாமல் கிழித்துக் கொடுப்பார்.