கேனன் என்னும் பெயர் வந்த வழி

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சூரியன் எழுவதற்கு முன்பே டிரைபாடுகள் விரிந்துவிடும். காந்தி சிலைக்கு எதிரே, கடலுக்குள் நிற்கும் பழைய பாலத்தின் மிச்சத் தூண்களை நோக்கி வரிசையாக நிற்பார்கள். வங்கி ஊழியர், கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று பலரும் இருப்பார்கள். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. படம் எடுப்பது பாதி, எடுத்ததைக் காட்டுவதும் கருவியைப் பற்றிப் பேசுவதும் மீதி.

“அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃபிஃப்டி லென்ஸ் வருது. வாங்கலாமா?”

“முதல்ல அத வானத்துக்கு நேரா தூக்கிப் புடி. உள்ள நூல் நூலா ஏதாவது ஓடுதான்னு பாரு. ஓடுச்சுன்னா ஃபங்கஸ். சும்மா குடுத்தாலும் வேணாம் தம்பி.”

கடலோர ஊருக்கே உரிய புத்திமதி இது. ஈரக்காற்று லென்ஸின் உட்கண்ணாடியில் பூசணம் பிடிக்க வைக்கும். அந்தப் பூசணம் கண்ணாடி மேலுள்ள பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் போகாது. அதனால்தான் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் இங்கே கேமராப் பையைப் போலவே அவசியமான பொருள்கள். இந்தப் பேச்சு சுற்றிச் சுற்றிக் கடைசியில் ‘கேனனா, நிக்கானா’ என்ற பழைய வழக்கில் வந்து நிற்கும். அந்த வழக்கின் தீர்ப்பு எனக்கு முக்கியமில்லை. வழக்கில் வரும் ஒரு பெயர்தான் என்னைப் பல காலமாகப் பிடித்து வைத்திருக்கிறது.

பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிக்காரர் ‘கேனன்’ என்பதன் ரோமன் எழுத்துகளை அப்படியே படித்தால் ‘கனோன்’ என்பார். அவர் மொழியில் அது பீரங்கி. ஆங்கிலம் படித்தவருக்கு அதே எழுத்துகள் திருச்சபை விதி, அளவுகோல், அங்கீகரிக்கப்பட்ட நூல்தொகுதி. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. நாணலைக் குறித்த ‘கன்னா’ என்னும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து, நேராக நிற்கும் அளவுகோலுக்கு ‘கனோன்’ என்ற பெயர் வந்தது. அளவுகோல் பிறகு விதியானது. அதே நாணலின் குழல் வடிவத்தைக் கண்டு இத்தாலியர் பெருங்குழாயைக் ‘கன்னோனே’ என்றார்கள், அது பீரங்கியாயிற்று. கிரேக்க ‘கனோன்’ அரபியில் ‘கானூன்’ ஆகி, பாரசீகம் வழியாக இந்தி, உருதுவில் சட்டத்துக்குப் பெயரானது.

இத்தனையும் உண்மை. ஆனால் கேமராவின் பெயர் இந்த வழியாக வரவில்லை. அது கிழக்கிலிருந்து வந்தது. மேற்கத்திய உடையைப் பின்னால்தான் போட்டுக்கொண்டது.

1933இல் டோக்கியோவின் ரொப்போங்கி பகுதியில் ஒரு சிறிய ஒளியியல் கருவி ஆய்வகம் தொடங்கப்பட்டது. அதன் மூளை கோரோ யோஷிதா. ஜெர்மானிய லைக்காவைப் பிரித்துப் போட்டுப் பார்த்து, இதை ஜப்பானிலேயே செய்யலாம் என்று துணிந்தவர். லைக்கா என்ற பெயரில் சிக்கல் ஏதும் இல்லை: லைட்ஸ் நிறுவனத்தின் கேமரா, அவ்வளவுதான். யோஷிதா தம் கருவிக்கு அப்படி ஒரு கம்பெனிப் பெயரைச் சூட்டவில்லை. அவர் கன்னோன் என்னும் போதிசத்துவரை வணங்கியவர். 1934 ஜூனில் ‘அசாஹி கேமரா’ இதழில் வந்த விளம்பரத்தில் கருவியின் பெயர் ‘க்வானன்’. அதன் சின்னத்தில் ஆயிரம் கைகளோடு, தீச்சுடர் சூழ, கன்னோன் அமர்ந்திருந்தார். லென்ஸுக்கும் ஒரு பெயர் வைத்தார்: ‘கஸ்யபா’. புத்தரின் முதன்மைச் சீடர்களில் ஒருவரான மகாகாசியபரின் பெயர்.

உலகச் சந்தைக்கு ஒரு பௌத்த தெய்வத்தின் பெயர் எடுபடாது என்று நிறுவனம் எண்ணியிருக்க வேண்டும். 1935இல் ‘கேனன்’ என்பதை வணிகக்குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. ஓசை கன்னோனை ஒட்டியிருந்தது. ‘அளவுகோல்’ என்ற பொருள் துல்லியக் கருவிக்குப் பொருந்தியது. 1936இல் விற்பனைக்கு வந்தது ‘ஹன்சா கேனன்’. இந்த ஹன்சாவை அன்னப்பறவை என்று நம்மவர் எண்ணிவிடக் கூடாது. அது விநியோகம் செய்த ஓமியா நிறுவனத்தின் வணிகக்குறி. அந்த முதல் கேனனில் இருந்த லென்ஸ் நிக்கோர். அதைச் செய்து கொடுத்தது நிப்பான் கோகாக்கு. அதாவது பிற்காலத்தில் நிக்கான் என்று பெயர் பெற்ற அதே நிறுவனம். கடற்கரை வழக்காடிகள் இரு தரப்பினருக்கும் இதை நான் மனமாரச் சொல்ல விரும்புகிறேன்.

விளம்பரத்தில் கன்னோன் ஏன் ‘க்வானன்’ ஆனது? ஜப்பானிய மொழியில் முன்பு ‘க்வ’ என்ற ஒலி இருந்தது. பேச்சில் அது தேய்ந்து ‘க’ ஆகிவிட்டது. பழைய எழுத்துமுறையில் மட்டும் ‘வ’ ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ‘க்வ’ சீனத்திலிருந்து வந்தது. சீனத்தில் இந்தப் போதிசத்துவரின் பெயர் குவான்யின்; முழுப்பெயர் குவான்ஷியின். ‘குவான்’ என்றால் நோக்குதல், ‘ஷி’ உலகம், ‘யின்’ ஒலி. உலகின் அழுகுரலை நோக்கிக் கவனிப்பவர். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குமாரஜீவர் தாமரைச் சூத்திரத்தை மொழிபெயர்த்தபோது இந்தப் பெயரையே ஆண்டார். 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் இதை மறுத்தார். வடமொழி மூலப்பெயரின் இறுதி ‘ஸ்வர’ அல்ல, ‘ஈஸ்வர’. ஆகவே அது ஒலியைக் குறிக்காது, தலைமையைக் குறிக்கும் என்பது அவர் வாதம். ‘ஸ்வர’ என்று முடியும் பழைய வடிவமும் பழஞ்சுவடிகளில் கிடைத்திருப்பதால், குமாரஜீவர் தவறு செய்தார் என்று சொல்லிவிட முடியாது.

இரு கட்சியும் ஒத்துக்கொண்டது பெயரின் முதற்பாதியை. வடமொழியில் அவர் அவலோகிதேசுவரர். ‘அவலோகனம்’ தமிழுக்குப் புதிதல்ல. நன்னூல் அரிமா நோக்கு என்று சொல்லும் சூத்திர நிலைக்குச் சிங்காவலோகனம் என்ற பெயரும் வழங்கியது. கீழே குனிந்து நோக்குபவர், அருளோடு பார்ப்பவர் என்பதே அவலோகிதர் என்ற பெயரின் உயிர். வடமொழியின் ‘லோக்’, சீனத்தின் ‘குவான்’, ஜப்பானின் ‘கன்’ எல்லாவற்றிலும் இருப்பது பார்வை. நம் தோளில் தொங்கும் கருவியின் பெயரில் முதல் அசை ‘பார்’ என்கிறது. ஒரு கேமராவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் பங்கு உண்டு. அவலோகிதர் உறையும் மலை ‘பொதலகம்’ என்று பௌத்த நூல்கள் சொல்கின்றன. அது தென்னிந்தியாவில், மலய மலைக்குக் கிழக்கே இருப்பதாக யுவான் சுவாங் எழுதினார். திபெத்தின் பொதலா அரண்மனையும் சீனத்தின் பூத்துவோ தீவும் அந்த மலையின் பெயரைத் தாங்கியவை. ஜப்பானில் அது ‘ஃபுதராக்கு’. நாச்சிக் கடற்கரையிலிருந்து துறவிகள் அடைக்கப்பட்ட படகில் ஏறி, தெற்கே இருக்கும் அந்த மலையை அடைவோம் என்ற நம்பிக்கையோடு திரும்பாப் பயணம் போனார்கள்.

அந்தப் பொதலகம் நம் பொதியில் மலையே என்று ஜப்பானிய ஆய்வாளர் ஷூ ஹிகோசாகா வாதிட்டார். 1989இல் வந்த அவருடைய நூல் தமிழகப் பௌத்தத்தைப் பற்றியது. அதற்குத் துணையாகத் தமிழிலேயே ஒரு சான்று இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் என்ற இலக்கணநூல், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்கிறது. பொதியிலில் அகத்தியர், அவருக்குத் தமிழ் சொன்ன அவலோகிதர்: இரு மரபும் ஒரே மலையில் சந்திக்கின்றன.

இங்கே நிதானம் வேண்டும். கேனன் கன்னோனிடமிருந்து வந்தது என்பது உறுதி. கன்னோன் அவலோகிதர் என்பதும் உறுதி. பொதலகம் பொதியில் என்பது வலுவான கருத்து; எல்லா ஆய்வாளரும் ஏற்ற முடிவல்ல. இதை வைத்துக்கொண்டு ‘கேனன் தமிழ்ச்சொல்’ என்று கிளம்புவது ஆய்வுக்குச் செய்யும் கேடு. பெயர் ஒரு ஊரிலிருந்து பிறப்பதும், ஒரு நம்பிக்கை ஒரு மலையிலிருந்து கிளம்பிப் பல மொழிகளில் பெயர் மாற்றிக்கொள்வதும் வேறுவேறு. இரண்டாவதே போதிய பெருமை.

புதுச்சேரிக்கும் இந்தக் கதையில் ஓர் ஓரம் உண்டு. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து வந்த வானியலாளர் லெ ஜான்ட்டி, 1769 ஜூனில் இங்கே தொலைநோக்கியோடு காத்திருந்தார். சரியாக அந்த விடியலில் மேகம் மூடிக்கொண்டது. விடியலுக்காக நிற்கும் எந்தப் படக்காரருக்கும் அந்த வேதனை புரியும். வானம் கைவிட்ட அவருடைய பயண நூலில் வீராம்பட்டினத்தில் கண்ட, அமர்ந்த நிலைக் கருங்கல் புத்தர் சிலை ஒன்றின் குறிப்பு இருக்கிறது. ஊர்மக்கள் அதன் பெயரைப் பௌத்து என்று சொன்னதாகவும், வழிபாடு நின்றுபோனதாகவும் எழுதினார். அரிக்கமேட்டுக்குப் பக்கத்து ஊர் அது.

வெள்ளைநகரத்து மஞ்சள் சுவர்களைப் போதும் போதுமென்று எடுத்தாயிற்று; இனி இந்தப் பழைய சிலைகள் பக்கம் கேமராவைத் திருப்பலாம். செயின்ட் லூயி தெருவில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் படக்காப்பகத்தில் தென்னிந்தியக் கோயில்களும் சிற்பங்களும் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களாக உள்ளன. ஊர் ஊராகப் போய் எடுத்தவை. சோழநாட்டு வயல்வெளிகளில் புத்தர் சிலைகளைத் தேடிப் பதிவு செய்தவர் ஆய்வாளர் பா. ஜம்புலிங்கம். ஆத்தூர் அருகே தியாகனூரில் பெரிய புத்தர்கள் இன்றும் அமர்ந்திருக்கிறார்கள். கடற்கரைப் படக்குழுவினர் அந்தப் பக்கம் ஒருமுறை போக வேண்டும் என்பது என் விருப்பம். பெரிய லென்ஸ் தேவையில்லை. அந்த ஃபிஃப்டியே போதும். உச்சிவெயிலில் கருங்கல் முகம் தட்டையாகிவிடும். காலை எட்டு மணிக்குள், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். நேர்முகம், இரு பக்கம், பின்புறம் என்று நான்கும் வேண்டும். ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒரு படம். ஊர்ப்பெயரையும், அந்தச் சிலையை ஊரார் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்பதையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.