வால்வு மூலம்

நதிமூலம், ரிஷிமூலம் இரண்டையும் விசாரிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். வால்வு மூலத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்பார் இல்லை. ஏனென்றால், இன்று உலகமெங்கும் ஒரு சிறு கூட்டம் பழைய ரேடியோ வால்வுகளின் குலம், கோத்திரம், பிறந்த ஊர், பிறந்த வருஷம் ஆகியவற்றை விசாரிப்பதே வேலையாக இருக்கிறது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை விசாரணை செய்வதில்லை.

இவர்கள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு சங்கீதம் கேட்கும் ரசிகர்கள். ஹெட்போனுக்கு முன்னால் ஒரு சிறிய ஆம்ப்ளிபயர் இருக்கும். அதன் தலையில் இரண்டு மூன்று கண்ணாடிக் குமிழ்கள் செக்கச் செவேல் என்று கனன்றுகொண்டிருக்கும். அவைதான் வால்வுகள். ரசிகர் ஒன்றைப் பிடுங்கிவிட்டு அதே இனத்தைச் சேர்ந்த வேறொன்றைச் செருகுவார். மறுபடியும் அதே பாட்டைக் கேட்பார். 'ஆங்கிலேய வால்வில் குழைவு இருக்கிறது. ஜெர்மன் வால்வில் தெளிவு இருக்கிறது. அமெரிக்க வால்வில் கனம் இருக்கிறது' என்று தீர்ப்பு வழங்குவார். மனத்துக்குப் பிடித்த ஒரு ஜோடிக்காக நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்கவும் தயங்க மாட்டார்.

இவர்களைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகலாம். ஆனால் ஒரு கேள்வி நம்மைப் போக விடாமல் பிடித்துக்கொள்கிறது. இவர்கள் கேட்பது ஒலியையா, பெயரையா? வால்வின் சரித்திரத்தைப் புரட்டினால், இந்தக் கேள்வி அது பிறந்த நாள் முதலாகவே அதைத் தொடர்ந்து வருவது தெரிகிறது.

வால்வு, விளக்கின் வயிற்றில் பிறந்த குழந்தை. 1880ஆம் ஆண்டு வாக்கில் எடிசனுக்கு ஒரு தொல்லை. அவர் செய்த மின்சார விளக்குகளின் கண்ணாடி உட்புறத்தில் கறுத்துக்கொண்டே வந்தது. காரணம் கண்டுபிடிப்பதற்காக விளக்குக்குள் தனியாக ஓர் உலோகத் துண்டை வைத்துப் பார்த்தார். எரியும் இழைக்கும் அந்த உலோகத்துக்கும் நடுவே ஒன்றுமே கிடையாது, காற்றுகூடக் கிடையாது. அப்படியிருந்தும் மின்சாரம் அந்தச் சூன்யத்தைத் தாண்டி ஓடிற்று. அதுவும் ஒரே திசையில்தான் ஓடிற்று. எடிசன் 1883இல் ஒரு பேடண்டுக்கு மனுப் போட்டுவிட்டு, வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். எலெக்ட்ரான் என்று ஒன்று இருப்பதை ஜே. ஜே. தாம்ஸன் கண்டறிந்தது 1897இல்தான். ஆகவே நடந்தது என்ன என்று எடிசனுக்குத் தெரிய நியாயமில்லை. ஆனாலும் அந்த விந்தைக்கு 'எடிசன் விளைவு' என்று பெயர் நிலைத்துவிட்டது. முதல் பெயர் சூட்டு விழாவே இப்படி நடந்தேறியது.

அந்த விந்தையைப் பிரயோஜனமாக்கியவர் லண்டனில் பேராசிரியராக இருந்த ஜான் ஆம்புரோஸ் பிளெமிங். அவர் எடிசன் விளக்குக் கம்பெனியின் லண்டன் கிளைக்கு ஆலோசகர். மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்திக் கம்பெனிக்கும் ஆலோசகர். ஒரு வீட்டில் தூசி படிந்து கிடந்த பொருள் இன்னொரு வீட்டின் குறையைத் தீர்க்கும் என்று 1904ஆம் ஆண்டு அவருக்குத் தோன்றிற்று. காற்றில் வரும் தந்தி அலைகளை ஒரே திசையில் ஓடச் செய்து பிடிப்பதற்கு அந்த விளக்கே போதும். தண்ணீர்க் குழாயில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் அடைப்பை ஆங்கிலேயர் வால்வு என்பார்கள். அதே பெயரை இதற்கும் வைத்தார்கள். அமெரிக்கர்கள் இதை டியூப் என்றார்கள். நாம் லண்டன் வழியைப் பின்பற்றி வால்வு என்றோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எடிசனுக்குச் சிறுவயது முதலே காது மந்தம். பிளெமிங்குக்கும் காது மந்தம். டெலிபோன் குழலில் மெல்லிய ஓசையாக வரும் தந்திக் குறிகளைக் கேட்க அவர் சிரமப்பட்டார். மீட்டரின் முள் அசைவதைக் கண்ணால் பார்த்து அறிவதையே விரும்பினார். இன்று காதின் நுட்பத்துக்கெல்லாம் உரைகல் என்று கொண்டாடப்படும் கருவிக்கு, காது சரியாகக் கேட்காத இருவர்தாம் பிதாமகர்கள்.

மூன்றாவது ஆள் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட். 1906இல் அவர் இழைக்கும் தகட்டுக்கும் இடையே வளைத்த கம்பி ஒன்றை வைத்தார். சல்லடை போன்ற அந்தக் கம்பியில்தான் சூட்சுமம் எல்லாம் அடங்கியிருக்கிறது. இழையிலிருந்து எலெக்ட்ரான்கள் வெள்ளமாகத் தகட்டை நோக்கி ஓடுகின்றன. நடுவிலே உள்ள சல்லடையில் கொசுவின் ரீங்காரம் போன்ற ஒரு சின்ன மின் அசைவைக் கொடுத்தால், பெருவெள்ளம் முழுவதும் அதற்குத் தக்கபடி ஏறி இறங்குகிறது. மதகை ஒரு விரல் உயர்த்தினால் வாய்க்கால் முழுவதும் புரளுவதைப் போல. சின்ன ஒலி பெரிய ஒலி ஆகிறது. ரேடியோவும், பேசும் படமும், நெடுந்தூரத் தொலைபேசியும் இந்த மதகின் வழியாக வந்தவைதாம்.

ஆனால் டி பாரஸ்டுக்குத் தம் கருவி எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கவில்லை. உள்ளே கொஞ்சம் வாயு இருந்தால்தான் வேலை நடக்கும் என்று நம்பினார். 1913இல் பங்கு மோசடி வழக்கில் அவர் கூண்டில் ஏறி நின்றார். அவருடைய விளக்கு ஒன்றுக்கும் உதவாத சாமான் என்று சர்க்கார் தரப்பு வாதித்தது. அவர் விடுதலையானார். அதே 1913இல் அமெரிக்க டெலிபோன் கம்பெனி அந்த உதவாத சாமானின் உரிமையை 50,000 டாலருக்கு வாங்கிற்று. அங்கிருந்த ஹெரால்டு ஆர்னால்டு உள்ளேயிருந்த வாயுவை நன்றாக வெளியேற்றினார். 1915 ஜனவரி 25ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து பேசிய குரல் கண்டத்தைக் கடந்து ஸான்பிரான்சிஸ்கோவில் கேட்டது.

கருவியின் உண்மையான நடத்தையை விளக்கி, அதன் சக்தியைப் பன்மடங்காக்கும் வழியையும் 1912இல் கண்டவர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மாணவர். அந்தக் கண்டுபிடிப்பு யாருடையது என்று இருவரும் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். 1934இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி பாரஸ்ட் பக்கம் தீர்ப்பளித்தது. ஆர்ம்ஸ்ட்ராங் மனம் நொந்து, ரேடியோ இஞ்சினீயர்கள் சங்கம் முன்பு தமக்கு அளித்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார். சங்கத்தார் வாங்க மறுத்துவிட்டார்கள். பெயர் நீதிமன்றத்தில் ஒருவருக்குக் கிடைத்தது. பெருமை சபையில் இன்னொருவருக்குக் கிடைத்தது.

இனி நம் ரசிகர்கள் தேடும் வால்வுகளுக்கு வருவோம். அவற்றில் பெரும்பாலானவை சங்கீதத்தை நினைத்துச் செய்யப்பட்டவையே அல்ல. ஈசிசி 88 என்ற ஒன்பது கால் வால்வு டெலிவிஷன் பெட்டியில் நிலையத்தைப் பிடிக்கும் பகுதிக்காகச் செய்தது. 6ஏஎஸ்7 என்ற பருமனான வால்வு யந்திரங்களுக்கு மின்னழுத்தம் சீராகப் போவதற்காகச் செய்தது. 6எஸ்என்7 வால்வை 1945இல் உருவான எனியாக் என்ற ராட்சஸக் கணித யந்திரத்தில் எண்ணிக்கை எண்ண வைத்தார்கள். அந்த யந்திரத்தில் பல வகையிலுமாக ஏறக்குறைய 18,000 வால்வுகள் இருந்தன. ஹெட்போனை இயக்க அதிகச் சக்தி வேண்டாம். அதனால் எங்கோ கூலி வேலை செய்துகொண்டிருந்த இந்த வால்வுகள் கச்சேரி மேடைக்கு வந்து சேர்ந்தன.

1947 டிசம்பரில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. சூடு இல்லை, கண்ணாடி இல்லை, அதிகச் செலவும் இல்லை. பிறகு ஒவ்வொரு நாட்டிலும் வால்வுத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. நம் நாட்டில் பெங்களூரில் 1954இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியும் ஒரு காலத்தில் வால்வு செய்தது. அந்த நாளில் ரேடியோப் பெட்டியைத் திருப்பிவிட்டு, வால்வு சூடேறிக் குரல் வரும்வரை காத்திருந்தவர்களுக்கு அந்தச் சில விநாடிகளின் மௌனம் இன்னும் நினைவிருக்கும். இன்று ருஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா போன்ற சில இடங்களில் மட்டுமே சொல்லும்படியாக வால்வு செய்கிறார்கள். ஆகவே பழைய சரக்குக்குக் கிராக்கி. வால்வு ஒரு விளக்கு. எரிய எரிய அதன் ஆயுள் குறையும். ரசிகர் கேட்கும் ஒவ்வொரு மணி நேரமும் இருப்பிலிருந்து கழிகிறது.

கிராக்கி வந்தால் பெயருக்கு விலை வந்துவிடும். இங்கிலாந்தில் பிளாக்பர்ன் என்ற ஊரில் முல்லார்டு கம்பெனியின் பெரிய தொழிற்சாலை இருந்தது. முல்லார்டு 1927 முதலே ஹாலந்து தேசத்து பிலிப்ஸ் கம்பெனிக்குச் சொந்தம். ஹாலந்தில் செய்த வால்வின் மேல் முல்லார்டு என்று அச்சிட்டதும் உண்டு. அந்த நாளில் ஒரு கம்பெனி இன்னொன்றிடம் சரக்கு வாங்கித் தன் பெயரைப் பொறித்துக்கொள்வது சர்வ சாதாரணம். விவரம் தெரிந்தவர்கள் பெட்டியையும் பெயரையும் நம்பாமல், கண்ணாடியின் அடிப்பக்கத்தைப் பூதக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். அங்கே மங்கலாக ஒரு குறி இருக்கும். முக்கோணம் இருந்தால் ஹாலந்தின் ஹேர்லன் நகரம்; பி எழுத்து இருந்தால் பிளாக்பர்ன். டெலிபுங்கன் வால்வுக்கு அடியில் வைரக் கட்டம் போன்ற முத்திரை. இன்று கடையில் புதிதாகக் கிடைக்கும் முல்லார்டு வால்வு இன்னும் வேடிக்கை. பெயரை ஓர் அமெரிக்கக் கம்பெனி வாங்கிவிட்டது. சரக்கு உருவாவது ருஷ்யாவில் ஸராடோவ் நகரத்தில்.

அப்படியானால் வால்வை மாற்றினால் ஒலி மாறுகிறது என்பது வெறும் பிரமையா? அப்படியும் சொல்வதற்கில்லை. ஒரே இனத்து வால்வுகள் இரண்டும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று சற்று அதிகமாகப் பெருக்கும். ஒன்றில் இரைச்சல் கூடுதல். ஒன்று தட்டினால் மணிபோல் ஒலித்துப் பாட்டில் குறுக்கிடும். இதைத் தவிர, வால்வு தனக்குக் கொடுத்த சுரத்தோடு அதன் மேல்ஸ்தாயிச் சுரத்தையும் மெல்லச் சேர்த்துவிடும். கணக்குப்படி இது குற்றம். ஆனால் ஸட்ஜத்தோடு மேல் ஸட்ஜம் சேர்ந்தால் எந்தக் காதுக்குத்தான் பிடிக்காது? அந்தக் குற்றம் எவ்வளவு என்பது வால்வுக்கு வால்வு கொஞ்சம் வேறுபடும். இவையெல்லாம் யந்திரத்தால் அளந்து காட்டக்கூடிய விஷயங்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வால்வை மாற்ற வேண்டுமானால் ஆம்ப்ளிபயரை நிறுத்த வேண்டும். கண்ணாடி ஆற வேண்டும். புதியதைச் செருகி, அது சூடேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். இதற்குள் சில நிமிஷங்கள் ஆகிவிடுகின்றன. ஒலியின் நுட்பமான சாயல்களோ மனித மனத்தில் சில விநாடிகளுக்கு மேல் அப்படியே தங்குவதில்லை. பழைய ஒலி மறைந்துவிட்டது. புதிய ஒலி இன்னும் வரவில்லை. இந்த இடைவெளியில்தான் பெயர் உள்ளே நுழைந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறது. போதாக்குறைக்கு, ஒரு வால்வு மற்றதைவிடச் சற்று உரக்க ஒலித்தால், 'உரக்க இருக்கிறது' என்று காது சொல்வதில்லை. 'நன்றாக இருக்கிறது' என்றே சொல்கிறது.

இதற்குப் பரிகாரம் சுலபம். வால்வை மற்றொருவர் மாற்றட்டும். எதை வைத்தார் என்று சொல்லாமல் இருக்கட்டும். இரண்டுக்கும் ஒலியின் அளவைச் சரிசமமாக வைக்கட்டும். ரசிகர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறைக்குப் பல முறை கேட்டுச் சொல்லட்டும். இந்தப் பரீட்சைக்கு இணங்குகிறவர்கள் குறைவு. பயம் வால்வைப் பற்றியதல்ல. தாம் இத்தனை காலம் ரசித்தது எதை என்று தெரிந்துவிடுமே என்ற பயம். அந்தப் பயம் நமக்கும் புதிதல்ல. வித்வானின் பெயரைக் கேட்டபிறகு தலையாட்டத் தொடங்குகிற சபைகளை நாம் பார்த்திருக்கிறோம். எழுதியவர் யார் என்று பார்த்தபிறகு கதை நன்றாக இருப்பதும் நாம் அறிந்ததே.

பெயரை அறியும் இன்பம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பொருளின் கதை தெரிந்தால் அதன் மேல் பிரியம் வருவது இயற்கை. ஆனால் கதையைத் தேடுகிறவர்கள் கடைசிவரை தேட வேண்டும். ஈசிசி 88 போன்ற வால்வுக்குள் இருக்கும் சல்லடைக் கம்பி தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. பிளாக்பர்னிலும் மற்ற ஊர்களிலும் வால்வின் நுண்ணிய உறுப்புகளைப் பொருத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வரிசையாக மேஜைமுன் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல், அது ரேடியோவுக்குப் போகிறதா ரேடாருக்குப் போகிறதா என்று தெரியாமலே நாள் முழுவதும் பொருத்தினார்கள். இன்று ரசிகர் குழைவு என்றும் தெளிவு என்றும் சொல்வதில் ஏதேனும் மெய் இருந்தால், அதில் அந்த விரல்களின் பங்கும் உண்டு.

கண்ணாடியின் மேல் கம்பெனியின் பெயர் இருக்கிறது. அடியில் ஊரின் குறியும் வருஷத்தின் குறியும் இருக்கின்றன. எத்தனை பெரிய பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும், செய்தவள் பெயர் மட்டும் அங்கே இல்லை.