எல்லைக்கு முன் பிறந்த பேருந்து

நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளைக்கு ஏழெட்டு மைல் தொலைவு. அதற்குள் அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பயிர் செய்யும் தோட்ட நிலத்தை ‘விளை’ என்று வழங்குவது தென் திருவிதாங்கூர்த் தமிழின் வழக்கு. அவ்வழக்கு இன்று கேரளத்தில் உள்ள அமரவிளையிலும் இஞ்சிவிளையிலும், தமிழ்நாட்டில் உள்ள களியக்காவிளையிலும் ஒன்றுபோலவே நிலைத்திருக்கக் காண்கிறோம். இவ்வூர்களின் நடுவே செல்லும் நெடுஞ்சாலை திருவனந்தபுரத்தையும் நாகர்கோவிலையும் இணைப்பது. முன்பு தேசிய நெடுஞ்சாலை 47 என்று எண் பெற்றிருந்தது. இப்போது 66 என்று மாறியிருக்கிறது. இந்தச் சாலையில்தான் திருவிதாங்கூர் அரசு தன் முதல் பேருந்தை மக்களுக்காக ஓடவிட்டது.

பழைய பேருந்துகளின் மீது பற்றுக் கொண்ட ஓர் இளைஞர் கூட்டம் இன்று கேரளத்தில் இருக்கிறது. எந்த ஆண்டில் எந்த வகை வண்டி எந்தப் பணிமனையில் ஓடியது, முகப்பு எவ்வாறு இருந்தது, வண்ணம் எப்போது மாறியது என்றெல்லாம் அவர்கள் நுணுகி ஆராய்கின்றனர். பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்கிவிடுவோரும் உளர். ஆனால் எல்லைப்புறத்து ஊர்களைச் சேர்ந்த நமக்கு இந்த ஆர்வம் வேறொரு பொருள் உடையது. நாம் நினைந்து ஏங்கும் அந்தப் பேருந்து, எல்லை என்ற ஒன்று ஏற்படுவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டது. இந்தச் செய்தியை நம் பிள்ளைகள் அறியார்.

பேருந்துக்கு முன் இந்தப் பகுதியின் நிலை என்ன என்பதைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருவனந்தபுரத்துக்கு 1918ஆம் ஆண்டிலேயே புகைவண்டி வந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து தெற்கே அது வரவில்லை. நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1979ஆம் ஆண்டில்தான். அறுபத்தோராண்டு இடைவெளி! மாட்டுவண்டியும், காலும், தனியார் சிலரின் மோட்டார் வண்டிகளுமே அதுவரை வழி என்றிருந்த மக்களுக்கு, 1938இல் வந்த அரசுப் பேருந்து எத்தகைய வரவாக இருந்திருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

அப்போது சித்திரைத் திருநாள் மன்னர், சர் சி. பி. இராமசாமி ஐயர் திவான். போக்குவரத்தை அரசே நடத்துவது என்று முடிவு செய்யப்பட்டதும், இலண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய ஈ. ஜி. சால்ட்டர் என்பவர் 1937 செப்டம்பரில் கண்காணிப்பாளராக அமர்த்தப்பெற்றார். இங்கிலாந்திலிருந்து 60 கம்மர் அடிச்சட்டங்கள் கப்பலேறி வந்தன. அவற்றில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. அடிச்சட்டம் மட்டுமே அயல்நாட்டுச் சரக்கு. மேற்கூடு முழுவதும் திருவனந்தபுரத்துச் சாக்கைப் பணிமனையில், சால்ட்டரின் மேற்பார்வையில், நம் நாட்டுத் தொழிலாளரால் கட்டப்பட்டது. மரச் சட்டங்களை இரும்புக் கோணங்களால் இணைத்துத் திருகாணி முடுக்கிய அந்த வேலை, சீமை எஞ்சினும் நாட்டுத் தச்சுத் திறனும் கூடிய புதுமை எனலாம்.

1938 பிப்ரவரி 20ஆம் நாள் மன்னர் சேவையைத் தொடங்கிவைத்தார். மன்னரும் உறவினரும் ஏறிய முதல் வண்டியைச் சால்ட்டரே ஓட்டினார். பின்னால் 33 வண்டிகள் அணிவகுத்து வரக் கவடியார் வரை ஊர்வலம் சென்றது. மறுநாள் பொதுமக்களுக்கான முதல் வண்டி திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் புறப்பட்டது. கொல்லத்துக்கோ கோட்டயத்துக்கோ அன்று, தெற்கே நம் ஊர்களின் வழியாக! பிற்காலத்தில் சென்னை மாகாண அரசு சென்னை நகரில் தன் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது 1947இல்தான் என்பதையும் ஈண்டு ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

வண்டிக்குள் 23 தோல் இருக்கைகள், நடுவே நடைவழி, ஏறும் வாயில் பின்புறம். கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். முதல் வகுப்புக்கு ஒன்றரை மடங்கு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை; பதினான்கு வயது வரை அரைச்சீட்டு. திருவிதாங்கூர் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம். ஆகவே திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரைக்கு ஏறத்தாழ ஆறு சக்கரம். நாகர்கோவிலுக்கு ஏறத்தாழ முக்கால் ரூபாய். ஏழைக்கு அது சிறு தொகையன்று. ஆயினும் அந்தக் கட்டணப் பட்டியலில் ஒரு சிறப்பு உண்டு.

இந்த மண்ணில் யார் எந்தச் சாலையில் நடக்கலாம் என்பதே நெடுங்காலம் பெரும் வழக்காக இருந்தது. மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் குலப் பெண்டிர் பட்ட பாடுகளுக்குப் பின் 1859இல்தான் அரச ஆணை பிறந்தது. நெய்யாற்றின்கரைக்கு அண்மையில் உள்ள வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளி, 1893இல் வில்வண்டி ஒன்றில் ஏறிப் பொதுச்சாலையில் சென்றதே ஒரு போராட்டமாயிற்று. வண்டியில் ஏறிச் செல்வது உயர்ந்த குலத்தார்க்கே உரியது என்ற வழக்கத்தை அவர் உடைத்தார். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காக 1924இல் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில். அதன்பின் பதினைந்து மாதங்கள் கழித்து வந்த அரசுப் பேருந்தின் கட்டணப் பட்டியலில் மைல் இருந்தது, வயது இருந்தது, வகுப்பும் இருந்தது, சாதி இல்லை. வகுப்பு என்பதும் மடியிலுள்ள காசைப் பொறுத்ததே. பழைய பேருந்தின் அழகை எழுதுவோர் அதன் எஞ்சினையும் வண்ணத்தையும் பற்றி எழுதுகின்றனர். எனக்கு அந்தப் பட்டியலே அழகாகத் தோன்றுகிறது.

நடத்துநர்களாகவும் ஆய்வாளர்களாகவும் ஏறத்தாழ நூறு பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பதும் சுவையான செய்தி. பி.ஏ. படித்தவர் தோளில் பை மாட்டிப் பயணச்சீட்டுக் கொடுத்தார். பி.ஏ. படித்து அலுவலகத்தில் கோப்புக் கட்டும் என்னைப் போன்றோர் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம். ஆனால் அந்நாளில் அது மதிப்புக்குரிய பணி. பேருந்துடன் பொதி அனுப்பும் முறையும் ஏற்பட்டது. வந்திறங்கிய பொதிகளை வீடு சேர்ப்பதற்குத் தலைச்சுமைப் பையன்கள் இருந்தனர். மக்கள் இவை எல்லாவற்றையும் சேர்த்து ‘டிரான்ஸ்போர்ட்’ என்ற ஒரே சொல்லால் அழைத்தனர். தனியார் வண்டி பஸ். அரசு வண்டி டிரான்ஸ்போர்ட். இந்த வழக்கைப் பாறசாலையிலும் மார்த்தாண்டத்திலும் முதியோர் வாயில் இன்றும் கேட்கலாம்.

1938ஆம் ஆண்டை நெய்யாற்றின்கரை வேறொரு காரணத்துக்காகவும் மறவாது. பேருந்து பிறந்த அதே பிப்ரவரித் திங்களில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசும் பிறந்தது. பொறுப்பாட்சி கேட்டெழுந்த கிளர்ச்சியில், ஆகஸ்டு 31ஆம் நாள் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது. வீரராகவன் உள்ளிட்டோர் உயிர் துறந்தனர். மைலுக்கு அரைச் சக்கரத்தில் அனைவரையும் ஏற்றிய அரசும், உரிமை கேட்டவர்மீது சுட்ட அரசும் ஒன்றே.

அடுத்து வந்தது எல்லைப் போராட்டம். தமிழர் மிகுந்து வாழ்ந்த தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மார்ஷல் நேசமணி அதன் தலைவர். அவர்கள் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் குண்டுக்கு இரையாயினர். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே கோடு விழுந்தது. திருவிதாங்கூரின் முதல் பேருந்து ஓடிய தடம் ஏறத்தாழப் பாதி வழிக்கு உள்ளாகவே இரண்டானது.

அதன்பின் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் வேறு வேறு வீட்டில் வளர்ந்ததைப் போல, ஒரே துறை இரண்டு வரலாறுகளாயிற்று. வடக்கே அது 1965இல் கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. தெற்கே உள்ள வண்டிகள் சென்னை அரசின் பொறுப்பில் வந்து, 1974இல் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்ட கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் கீழ் அமைந்தன. 1983இல் நாகர்கோவிலில் தனிக் கழகம் தோன்றியபோது அதற்கு நேசமணியின் பெயரே சூட்டப்பட்டது. எல்லையை வேண்டிப் போராடியவரின் பெயரைத் தாங்கிய பேருந்து, அந்த எல்லையைக் கடந்து நாள்தோறும் திருவனந்தபுரத்துக்குச் சென்று வந்தது! 1997இல் மாநிலம் முழுவதும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது இப்பெயரும் போயிற்று. பொதுவான முடிவு அது, காரணமும் இருந்தது. எனினும் குமரி மாவட்டத்தார்க்கு அது ஓர் இழப்பே என்பது என் கருத்து.

எல்லை பிரித்ததைக் கண்ணால் காண்பதைவிடக் காதால் கேட்கலாம். கேரளப் பேருந்தில் நடத்துநர் கூரையோரமாகச் செல்லும் மணிக்கயிற்றை இழுப்பார். ஒரு மணி அடித்தால் நிறுத்து. இரு மணி அடித்தால் புறப்படு. தமிழ்நாட்டுப் பேருந்தில் அந்த வேலையை ஊதல் செய்கிறது. அங்கே மகளிருக்கு முன்புறத்து இருக்கைகள். இங்கே இடப்புறத்து வரிசை. களியக்காவிளை நிலையத்தில் நின்றால் மணியும் ஊதலும் மாறி மாறிக் கேட்கும். நாகர்கோவில் செல்லும் கேரள வண்டி தமிழ்நாட்டிலும் மணியடித்துக்கொண்டே செல்லும். தம்பானூர் செல்லும் தமிழ்நாட்டு வண்டி நெய்யாற்றின்கரைக் கடைவீதியிலும் ஊதிக்கொண்டே போகும். 2021ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. மார்த்தாண்டத்தில் ஏறும் ஒரு பெண்மணி களியக்காவிளை வரை காசின்றி வந்து, அதற்குமேல் பாறசாலையில் உள்ள மகள் வீட்டுக்குச் சீட்டு வாங்கிப் போகிறார்.

எல்லை வகுத்தோர் கணக்கில் கொள்ளாதது இந்த மகள் வீட்டைத்தான். பெண் கொடுத்ததும் எடுத்ததும், சந்தைக்குப் போனதும், சாவு வீட்டுக்கு ஓடியதும் இந்தச் சாலையில்தான். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் இந்தச் சாலை வழியே திருவனந்தபுரம் எழுந்தருள்கின்றனர். களியக்காவிளையில் இரு மாநிலத்தாரும் மரியாதை செய்து வழியனுப்புகின்றனர், வரவேற்கின்றனர். தெய்வங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் வழியைச் சாதாரண மக்களுக்கு நாள்தோறும் கொடுத்தது பேருந்து. அது நின்றால் என்ன ஆகும் என்பதையும் கண்டோம். கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சில் நின்ற இரு மாநிலப் பேருந்துகள் 2021 டிசம்பர் முதல் நாள்தான் மீண்டும் எல்லையைக் கடந்தன. இடைப்பட்ட இருபது மாதங்களில், பேருந்து ஓடிய நாட்களிலும் எல்லையில் இறங்கி, மூட்டையும் குழந்தையுமாக நடந்து, அப்பால் நின்ற வண்டியில் ஏற வேண்டியிருந்தது.

கேரள வண்டியை அதன் யானைச் சின்னம் கருதி ‘ஆனவண்டி’ என்று செல்லமாக அழைக்கின்றனர் அங்குள்ள ஆர்வலர். இப்பெயருக்கும் சின்னத்துக்கும் உரிமை கோரிய கேரளக் கழகத்துக்கு 2021இல் வணிகக்குறிப் பதிவு கிடைத்தபோது அவர்கள் கொண்டாடினர். அவர்களது உழைப்பால் பல வண்டிகளின் தோற்றம் அழியாமல் காக்கப்படுகிறது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. ஆயினும் நிழற்படம் வண்டியைக் காட்டும். ஏறியவர் யார், எதற்காக ஏறினார் என்பதைக் காட்டாது. அதை ஏறியவர்தான் சொல்ல வேண்டும். விளவங்கோட்டிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் பிழைப்புக்காக வெளியூர் வந்து, நம் சங்கத்தில் உறுப்பினராய் இருக்கும் குடும்பங்கள் பல. அவர்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு பழைய பயணச்சீட்டோ, நடத்துநராய் இருந்த பாட்டனாரின் பணி ஆணையோ இருக்கக்கூடும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது முதியோரிடம் கேட்டு எழுதி வருமாறு வேண்டுகிறேன். 1938இல் பத்து வயதுச் சிறுவனாய் அரைச்சீட்டில் பாறசாலையைக் கடந்தவர் இன்று தொண்ணூற்றைந்தைத் தாண்டியிருப்பார்.