பட்டம் இழந்தவர் மீண்ட வரலாறு

யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் கூற்று. சறுக்கிய யானை மீண்டும் எழுந்து நிற்குமா என்பது பற்றி அப்பழமொழி ஒன்றும் கூறவில்லை. குத்துச் சண்டை உலகத்திலோ, அக்கேள்விக்கு எழாது என்பதே நெடுங்காலம் விடையாக இருந்தது. ஹெவிவெயிட் எனப்படும் மிகுஎடைப் பிரிவில் உலகப் பட்டத்தை ஒரு முறை இழந்தவர், அதனைத் திரும்பப் பெற்றதே இல்லை. கையுறை அணிந்து போரிடும் முறையில் அப்பட்டம் முதன்முதலாகக் கைமாறிய 1892-ஆம் ஆண்டு தொட்டு 68 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. போனவர் திரும்புவதில்லை என்பது அவ்வுலகத்தார் நாவில் ஒரு சூத்திரமாகவே வழங்கிற்று. அதனைப் பொய்யாக்கியவர் ஃபிளாய்ட் பேட்டர்சன் என்னும் அமெரிக்க நீக்ரோ இன வீரர். அவர் வீழ்ந்த வகையையும் எழுந்த வகையையும் நேயர்களுடன் சிறிது எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

அவருக்கு முன் முயன்றவர்கள் எளியவர்கள் அல்லர். ஜேம்ஸ் கார்பெட் 1900-இலும் 1903-இலும் முயன்று தோற்றார். தோல்வியே அறியாமல் ஓய்வு பெற்றிருந்த ஜெஃப்ரீஸ், 1910-இல் மீண்டும் களம் புகுந்து ஜாக் ஜான்சனிடம் அடிபட்டு வீழ்ந்தார். 1926-இல் ஜீன் டன்னியிடம் பட்டத்தை இழந்த ஜாக் டெம்ப்சி, மறு ஆண்டு சிக்காகோ நகரில் நடந்த போட்டியிலும் அவரிடமே தோற்றார். மாவீரர் ஜோ லூயிஸும் 1950-இல் எசார்ட் சார்ல்ஸை வெல்ல இயலாது திரும்பினார். இவ்வளவு பேர் தடுக்கி விழுந்த வாயிற்படி அது.

பேட்டர்சன் 1935-இல் வட கரோலினா மாநிலத்தில் பிறந்து, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் வறுமையிடையே வளர்ந்தவர். இளமையில் அவருக்கு ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. பள்ளிக்குச் செல்லக் கூசி, சுரங்க ரயில் நிலையத்தின் இருண்ட மூலையில் பகல் முழுதும் ஒளிந்திருப்பார். சில்லறைத் திருட்டுகளும் செய்ததன் விளைவாக, வழி தவறிய சிறுவர்களுக்கான வில்ட்விக் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கேதான் அவருக்குப் படிப்பும் தன்னம்பிக்கையும் வாய்த்தன. பின்னர் கஸ் டமாட்டோ என்னும் பயிற்சியாளர் அவரைக் கண்டெடுத்தார். இரு கையுறைகளையும் கன்னங்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு, இடுக்கின் வழியே எதிரியை நோக்கும் தற்காப்பு முறையை அவருக்குப் பழக்கினார்.

1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், நடுத்தர எடைப் பிரிவில் பேட்டர்சன் தங்கப் பதக்கம் வென்றார். அதே ஒலிம்பிக்கில் வேறொரு காட்சியும் நடந்தது. மிகுஎடைப் பிரிவின் இறுதிப் போட்டியில் இங்கமார் ஜோஹான்சன் என்னும் சுவீடன் நாட்டு இளைஞர், முயன்று போரிடவில்லை என்ற காரணத்தால் நடுவரால் விலக்கப்பட்டார். அவருக்குரிய வெள்ளிப் பதக்கமும் மறுக்கப்பட்டது. ஒருவர் புகழோடும் மற்றவர் இகழோடும் அந்நகரை விட்டுச் சென்றனர். ஏழாண்டுகளுக்குப் பின் இருவரும் எதிரெதிரே நிற்க நேரும் என அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

1956 நவம்பர் 30-ஆம் நாள், ஆர்ச்சி மூரை ஐந்தாம் சுற்றில் வீழ்த்தி, தமது 21-ஆம் வயதிலேயே பேட்டர்சன் உலகப் பட்டம் சூடினார். அதுவரை அவ்வளவு இளம் வயதில் அப்பட்டத்தைப் பெற்றவர் எவரும் இலர். நான்கு முறை பட்டத்தைக் காத்தார். ஆயினும் அவரை எதிர்த்தோர் வலிமை குறைந்தவர்கள் என்ற குறைகூறல் எழுந்தவண்ணமே இருந்தது.

ஐந்தாவதாக வந்தவரே ஜோஹான்சன். அவர் வலக்கைக் குத்தின் வன்மை ஐரோப்பாவில் பேர் பெற்றது. ஆனால் அமெரிக்காவில் பயிற்சி பெற்றபோது, அந்த வலக்கையை அவர் காண வந்தவர்களுக்குக் காட்டவே இல்லை. குடும்பத்தாரோடு உல்லாசமாக உண்டும், நடனமாடியும் பொழுது போக்கினார். பலரும் அவரைப் பொருட்படுத்தவில்லை.

1959 ஜூன் 26 அன்று நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் போட்டி நடந்தது. முதல் இரு சுற்றுகளிலும் ஜோஹான்சன் இடக்கையையே நீட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் சுற்றில் அந்த வலக்கை வந்தது. பேட்டர்சன் வீழ்ந்தார். எழுந்தவருக்குத் தாம் வீழ்ந்ததே நினைவில்லை. எதிரியைத் தாமே வீழ்த்திவிட்டதாகக் கருதி, முகத்தைத் திருப்பிக்கொண்டு மேடையின் மூலையை நோக்கி நடந்தார். அந்நிலையில் மீண்டும் அடி விழுந்தது. ஒரே சுற்றில் ஏழு முறை அவர் தரையைத் தொட்டார். ஏழு முறையும் எழுந்தார். அதற்கு மேல் நடுவர் அனுமதிக்கவில்லை. பட்டம் சுவீடனுக்குச் சென்றது.

இனித்தான் நாம் கருத வேண்டிய பகுதி வருகிறது. உடற்காயம் சில நாளில் ஆறிற்று. மானக்காயம் ஆறவில்லை. வாரக்கணக்கில் பேட்டர்சன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இருட்டு மூலையில் ஒளிந்த சிறுவன் மீண்டும் வந்துவிட்டான். இதனை அயல்நாட்டு வீரர் ஒருவருடைய விசித்திரம் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவரிடையே, தொழிலில் நொடித்தவர் ஊர்த் திருவிழாவுக்குச் செல்லக் கூசி, ஆண்டுக்கணக்கில் ஏதேனும் சாக்குச் சொல்லிக் காலம் தள்ளுவதை நாம் கண்டதில்லையா? பணம் போனது பெரிதன்று. நாலு பேர் முகத்தில் விழிப்பதெப்படி என்பதே துன்பம்.

பேட்டர்சன் அந்த அறையை விட்டு வெளிவந்தார். கனெக்டிகட் மாநிலத்தில் பாழடைந்து கிடந்த பழைய விடுதி ஒன்றைப் பயிற்சிக் கூடமாக்கிக்கொண்டு, ஆடம்பரமின்றி உழைத்தார். தமது தோல்வியைத் தாமே ஆராய்ந்தார். இடக்கையை நீட்டிய பின் அதைத் தாழவிட்டதும், எதிரியின் வலக்கையை மதியாததுமே தம் பிழைகள் என்று தெளிந்தார். முன்னிலும் எடையும் வலுவும் ஏற்றிக்கொண்டார்.

1960 ஜூன் 20 அன்று நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். சூத்திரத்தை நம்பியோர் ஜோஹான்சனே வெல்வார் என்றனர். இரண்டாம் சுற்றில் அதே வலக்கை பேட்டர்சனைத் தாக்கியது; அவர் நிலைகுலைந்தாலும் வீழவில்லை. ஐந்தாம் சுற்றில் அவரது இடக்கைக் குத்து ஒன்று எதிரியைச் சாய்த்தது. எழுந்தவரை இரண்டாவது குத்து மல்லாத்தியது. ஜோஹான்சன் உணர்விழந்து கிடந்தார். அவருடைய பாதம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. 68 ஆண்டுச் சூத்திரம் அக்கணத்தில் பொய்த்தது. ஆனால் வென்றவர் கூத்தாடிக்கொண்டிருக்கவில்லை. வீழ்ந்தவர் அருகே மண்டியிட்டு அவரைத் தழுவிக்கொண்டார். அந்த ஓராண்டுக் காலம் தம் உள்ளத்தில் வெறுப்பு குடியிருந்ததென்றும், அத்தகைய வெறுப்பை இனி ஒருபோதும் உணர விரும்பவில்லையென்றும் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். 1962-இல் வெளிவந்த தமது வாழ்க்கை வரலாற்றுக்கு, தன்னைத் தானே வென்றது என்னும் பொருள்படத் தலைப்பிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அது நீதிக்கதையாகி இருக்கும். வரலாறு அவ்வளவு கருணையுடையதன்று. 1961-இல் ஜோஹான்சனை மூன்றாம் முறை சந்தித்து வென்ற பேட்டர்சன், 1962 செப்டம்பரில் சோனி லிஸ்டனிடம் முதல் சுற்றிலேயே பட்டத்தை இழந்தார். அன்றிரவு பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு எவரும் அறியாதபடி சிக்காகோ நகரை விட்டு வெளியேறினார். தோற்றுவிடுவோமோ என்ற ஐயத்தால் அத்தாடியை முன்னரே உடன் கொண்டு வந்திருந்தார் என்பதே நெஞ்சை உருக்குவது. மறு ஆண்டும் லிஸ்டனிடம் முதல் சுற்றிலேயே தோற்றார். பட்டம் அவருக்கு மூன்றாம் முறை கிட்டவேயில்லை. எனினும் 1972 வரை அவர் மேடையை விட்டு விலகவில்லை.

அப்படியாயின் அவர் மீண்டார் என்று எப்படிச் சொல்வது? பின்னாளில் முகம்மது அலி போன்றோர் இழந்த பட்டத்தை மீட்டது அவர் திறந்த வாயில் வழியேதான். அதனினும் பெரிது ஒன்றுண்டு. ஒருவரையொருவர் உணர்விழக்க அடித்த அவ்விருவரும் பிற்காலத்தில் நெருங்கிய நண்பராயினர். 1982-இல் ஜோஹான்சனுக்கு அவரது ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கம், முப்பது ஆண்டுகள் தாழ்ந்து, வழங்கப்பட்டது. அக்காலத்தில் ஸ்டாக்ஹோம் நகர மரதான் ஓட்டத்தில் நடுவயது கடந்த அவ்விருவரும் சேர்ந்தே ஓடினர். பேட்டர்சன் 2006-இலும், ஜோஹான்சன் 2009-இலும் மறைந்தனர். இறுதி ஆண்டுகளில் இருவரையும் மறதி நோய் பற்றியிருந்தது என்பது இவ்விளையாட்டைப் போற்றுவோர் மறக்கக் கூடாத உண்மை.

மீட்சி என்பது இழந்த பொருள் என்றென்றும் கையில் தங்குவதன்று. கூச்சம் அழைத்துச் சென்ற இருட்டறையிலிருந்து வெளிவந்து, செய்த பிழையை நேரே நோக்குவதே மீட்சி. அதனைப் பேட்டர்சன் ஒரு முறையன்று, பல முறை செய்தார். அவர் பலமுறை வீழ்ந்ததுண்டு. ஆனால் வீழ்ந்த அளவுக்கு எழுந்தவரும் தாமே என்று அவரே பெருமிதத்தோடு கூறிக்கொள்வதுண்டு. அப்பெருமிதம் அவருக்கு முற்றும் உரியது.