மல்டிகாஸ்ட் விலான்: தேனி, கம்பம் பள்ளத்தாக்கு

மல்டிகாஸ்ட் விலான் என்பது, பலர் ஒரே நேரத்தில் பார்க்கும் தொலைக்காட்சிச் சேனலை ஒரே ஒரு பிரதியாக ஸ்விட்ச் வரை கொண்டுவந்து, அங்கே கேட்ட வீடுகளுக்கு மட்டும் நகலெடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு. இதற்கென்று ஸ்விட்சில் தனியாக ஒரு விலான், அதாவது ஒரே கம்பிவலைக்குள் பிரித்துவைத்த தனி வலையமைப்பு, ஒதுக்கப்படும். வாடிக்கையாளர்கள் தத்தம் விலான்களில் ஒருவர் வலைக்குள் மற்றவர் நுழைய முடியாதபடி பிரிந்தே இருப்பார்கள். தொலைக்காட்சி மட்டும் அந்தப் பொது விலான் வழியே எல்லோரையும் சென்றடையும்.

தேனி மாவட்டத்தில் இதன் தேவை நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும், நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கு. தேனியிலிருந்து குமுளி வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர்கள் தேசிய நெடுஞ்சாலை 183-ஐ ஒட்டி வரிசையாக அமைந்திருக்கின்றன. ஃபைபரும் சாலையை ஒட்டித்தான் ஓடும். பெருநகரத்தில் ஒரு மையத்திலிருந்து பல திசைக்கும் கேபிள் பிரித்துவிட முடியும். இங்கே ஓர் ஊரின் ஸ்விட்ச் அடுத்த ஊரின் ஸ்விட்சுக்குக் கைமாற்றிவிடும் சங்கிலிதான் இயல்பான வடிவம். சங்கிலியின் முதல் கண்ணியில் வீணாகும் ஒவ்வொரு மெகாபிட்டும் கடைசி ஊர் வரை உள்ளவர்களின் பங்கில் குறைகிறது.

முன்வரலாறு

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. தென்மாவட்டங்கள் அதைக் கண்ணால் காண்பதற்குக் கொடைக்கானலில் உயர்சக்தி ஒளிபரப்புக் கோபுரம் எழும்ப வேண்டியிருந்தது. பெரியகுளத்துக்கு நேர் மேலே மலையில் நின்ற அந்தக் கோபுரம் நேர்கோட்டுப் பார்வையில் இருந்த ஊர்களுக்கு நல்ல படம் தந்தது. மலை மறைவில் இருந்தவர்கள் உயரமான கம்பத்தில் ஆன்டெனாவும் பூஸ்டரும் கட்டினார்கள். வான்வழி ஒளிபரப்பின் பெருங்குணம் ஒன்றை இங்கே குறித்தாக வேண்டும்: பத்து வீடு பார்த்தாலும் பத்தாயிரம் வீடு பார்த்தாலும் கோபுரத்துக்குச் செலவு ஒன்றே. பிற்காலத்தில் கம்பிவழி வலையமைப்புகள் எட்டிப்பிடிக்க முயன்றது இந்தக் குணத்தைத்தான்.

1991-இல் வளைகுடாப் போரை நேரலையாகக் காட்டிய செயற்கைக்கோள் சேனல்களும், 1993-இல் வந்த சன் டிவியும் தமிழ்நாட்டின் ஊர்களில் கேபிள் தொழிலைக் கிளப்பிவிட்டன. மாடியில் பெரிய டிஷ், உள்ளே ரிசீவர்களும் மாடுலேட்டர்களும், அங்கிருந்து தெருத்தெருவாகக் கோஆக்ஸ் கேபிள், இடையிடையே ஆம்ப்ளிஃபயர். ‘கண்ட்ரோல் ரூம்’ என்று அழைக்கப்பட்ட அந்தச் சிறிய அறையே ஊரின் தொலைக்காட்சி நிலையம். எல்லாச் சேனலும் எல்லா வீட்டுக்கும் எப்போதும் போய்க்கொண்டிருந்தன. யார் எதைப் பார்க்கிறார்கள் என்பது கண்ட்ரோல் ரூமுக்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் இந்த ஆபரேட்டர்களைத் தலைமை அஞ்சலகத்தில் பதிவுசெய்துகொள்ள வைத்தது. அப்போது தேனி என்ற மாவட்டமே இல்லை. அது மதுரையிலிருந்து பிரிந்தது 1996-இல்.

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007 அக்டோபரில் தொடங்கப்பட்டு, சில ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 2011 செப்டம்பர் 2 அன்று மாதம் 70 ரூபாய்க் கட்டணத்துடன் மறுபடி உயிர்பெற்றது. தமிழ்நாட்டுக் கேபிள் வரலாற்றில் சாதாரணக் குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய நன்மை நடந்ததில்லை. நாடு முழுவதும் கேபிளை டிஜிட்டலாக்கும் திட்டத்தின் கடைசிக் கட்டம் 2017 மார்ச் 31-இல் முடிந்தது. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் அடுத்த மாதமே கிடைத்தது. அந்த ஆண்டிலேயே செட்டாப் பாக்ஸ் விநியோகமும் தொடங்கியது.

டிஜிட்டல் வந்தபோது கண்ட்ரோல் ரூமின் உள்ளுறுப்பே மாறிற்று. ஒவ்வொரு சேனலும் ஐ.பி. பொட்டலங்களின் ஓட்டமாகி, ஒரு மல்டிகாஸ்ட் முகவரியைத் தாங்கி, ஃபைபர் வழியே, சேனல்களைத் திரட்டும் தலைமை ஹெட்எண்டிலிருந்து மாவட்டங்களுக்குப் பயணம் செய்யத் தொடங்கியது. அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நடந்த வேலை இவ்விதமாகத் தென்மாவட்டக் கேபிள்காரர்களின் கைக்கு வந்து சேர்ந்தது.

ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்த ஸ்டீவ் டீரிங், டேவிட் செரிட்டனின் வழிகாட்டலில், பல கணினிகள் ஒன்றாக இயங்கும் மென்பொருள் ஒன்றில் பணியாற்றினார். ஒரே ஈதர்நெட்டில் இருந்த கணினிகளுக்கு ஒரு செய்தியை ஒரே தடவையில் அனுப்ப முடிந்தது. ரௌட்டரைத் தாண்டி இருந்தவற்றுக்கு முடியவில்லை. அதைத் தீர்க்க அவர் வகுத்த நெறி 1989 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 1112 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. ‘இந்தக் குழுவில் நான் சேர்கிறேன்’ என்று பெறுபவரே சொல்லும் ஐ.ஜி.எம்.பி. நெறியின் முதல் பதிப்பும் அதிலேயே இருந்தது. குழுவை விட்டு விலகுவதைச் சொல்லும் வசதி 1997-இல் இரண்டாம் பதிப்பிலும், ‘இந்த அனுப்புநரிடமிருந்து மட்டும்’ என்று தேர்ந்தெடுக்கும் வசதி 2002-இல் மூன்றாம் பதிப்பிலும் சேர்ந்தன. 1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த இணையப் பொறியாளர் கூட்டத்தின் ஒலி இம்முறையில் பல நாடுகளுக்கு நேரலையாகச் சென்றது.

விலான் வேறொரு வழியில் வளர்ந்தது. பெல்கோர் ஆய்வகத்தில் டபிள்யூ. டேவிட் சின்கோஸ்கி 1980-களில் தொடங்கிய சிந்தனை 1998-இல் 802.1 கியூ தரமாயிற்று. விலானைக் குறிப்பது 12 பிட் எண். பயன்படுத்தத்தக்க விலான்கள் 4,094. இரு நெறிகளும் ஒரே ஸ்விட்சில் சந்தித்தபோதுதான் சிக்கல் முளைத்தது. ஸ்விட்சுக்கு ஒவ்வொரு விலானும் ஒரு தனி வலையமைப்பு. ஆகவே ஆறு விலான்களில் ஆறு பேர் ஒரே சேனலைக் கேட்டால், மேலிருந்து ஆறு பிரதிகள் ஒரே ஃபைபரில் வரும். பிரிப்பதற்காக வந்த கருவி, சேர்த்து அனுப்பும் கருவியின் பயனை அழித்துவிட்டது. மல்டிகாஸ்ட் விலான் பிறந்தது இதைச் சரிசெய்யத்தான்.

தயாரிப்பாளர்கள் இதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். சிஸ்கோவில் எம்.வி.ஆர்., டி-லிங்கில் ஐ.எஸ்.எம். விலான், அல்காடெல்-லூசென்ட்டில் ஐ.பி.எம். விலான், ஹுவாவேயிலும் எச்3சியிலும் நேராகவே மல்டிகாஸ்ட் விலான். எச்3சி இதை இரண்டாகப் பகுக்கிறது: வாடிக்கையாளர் விலான்களைத் துணை விலான்களாகப் பொது விலானுக்குக் கீழே கட்டுவது ஒன்று, போர்ட்டுகளையே நேரடியாக இணைப்பது மற்றொன்று. வீட்டுக்கு ஒரு விலான் கொடுக்கும் இடத்தில் முதல் வகையும், தெருவுக்கு ஒரு சிறு ஸ்விட்ச் வைக்கும் இடத்தில் இரண்டாம் வகையும் எளிது.

முகவரிகளின் வகைப்பாடு

மல்டிகாஸ்டுக்கு 224.0.0.0 முதல் 239.255.255.255 வரை ஒதுக்கப்பட்டுள்ளது. இதில் 224.0.0-இல் தொடங்குபவை நெறிகளின் சொந்தப் பேச்சுக்கானவை. ஸ்விட்ச் இவற்றை எல்லாப் போர்ட்டுக்கும் விடும். 232-இல் தொடங்குபவை அனுப்புநரைக் குறிப்பிட்டுக் கேட்கும் முறைக்கு. 239-இல் தொடங்குபவை நிறுவனத்துக்குள் மட்டும் புழங்குபவை. தொலைக்காட்சிக்கு எடுக்கவேண்டியது இதைத்தான்.

எடுக்கும்போது ஒரு கண்ணி உண்டு. ஐ.பி. மல்டிகாஸ்ட் முகவரியில் மாறுபடும் பகுதி 28 பிட். அதை ஈதர்நெட் முகவரியில் பதியும்போது 23 பிட்டுக்கே இடம். முழுதும் கொள்ள 16 முகவரித் தொகுதிகள் வாங்கவேண்டியிருந்தது, ஒன்றின் விலை 1,000 டாலர், கையில் இருந்த நிதிக்கு ஒன்றே வாங்கப்பட்டது, அதிலும் பாதியே மல்டிகாஸ்டுக்குக் கிடைத்தது என்ற கதை வலையமைப்புப் பொறியாளர்களிடையே நெடுநாளாக வழங்கிவருகிறது. விளைவு என்னவோ திட்டவட்டமானது: 32 ஐ.பி. முகவரிகள் ஒரே ஈதர்நெட் முகவரியைப் பகிர்கின்றன. 239.10.1.1, 239.138.1.1 ஆகிய இரண்டும் பல ஸ்விட்சுகளுக்கு ஒன்றே. ஒரு சேனலைக் கேட்ட வீட்டுக்கு இரண்டும் வந்து விழும். 239.0.0, 239.128.0 என்று தொடங்கும் முகவரிகளைச் சேனல்களுக்குக் கொடுக்கவே கூடாது. அவை நெறிகளின் முகவரிகளோடு மோதி எல்லாப் போர்ட்டிலும் வழிந்தோடும்.

அமைக்கும் முறை

கணக்கு ஒன்றைக் கொண்டு பார்க்கலாம். 200 சேனல், சராசரி 4 மெகாபிட் என்றால் மொத்தம் 800 மெகாபிட். உத்தமபாளையத்து ஸ்விட்சில் ஆறு வாடிக்கையாளர் விலான்கள் இருந்து, எல்லாச் சேனலையும் ஒவ்வொன்றிலும் யாரேனும் பார்த்தால், பொது விலான் இல்லாதபோது 4,800 மெகாபிட் வரும். பொது விலான் இருந்தால் 800-ஐத் தாண்டாது. அங்கே 3,000 வீடுகள் இருந்து, அவற்றுக்குத் தனித்தனிப் பிரதி அனுப்பினால் 12,000 மெகாபிட். சங்கிலியின் 10 கிகாபிட் இணைப்பு அதற்குப் போதாது.

முதலில் தொலைக்காட்சிக்கான விலானை, 100 என்று வைத்துக்கொள்வோம், தேனி முதல் கூடலூர் வரை எல்லா ஸ்விட்சிலும் உருவாக்கி, ஊர்களுக்கிடையே உள்ள ட்ரங்க் இணைப்புகளில் அனுமதிக்க வேண்டும். பிறகு ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங்கை இயக்க வேண்டும். எந்தப் போர்ட்டில் யார் என்ன கேட்கிறார்கள் என்பதை ஸ்விட்ச் ஒட்டுக்கேட்டுக் குறித்துவைப்பது இதனால்தான். அடுத்து சேனல் முகவரிகளின் வரம்பைப் பொது விலானோடு கட்டி, மேலிருந்து வரும் போர்ட்டை ‘மூலம்’ என்றும், வீட்டுப் பக்கப் போர்ட்டை ‘பெறுநர்’ என்றும் குறிக்க வேண்டும். வழியில் ஓர் உள்ளூர்ச் சேனல் சேர்ந்தால், உதாரணமாக வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவை நேரலையாகக் காட்டும் என்கோடரை இணைத்தால், அந்தப் போர்ட்டும் மூலம்தான். பெறுநர் என்று குறித்துவிட்டால் படம் ஸ்விட்சைத் தாண்டாது.

சிஸ்கோவின் பல ஸ்விட்சுகளில் எம்.வி.ஆர். இரு நிலைகளில் இயங்கும். இயல்புநிலையில், வீடுகள் கேட்பது மேல் ஸ்விட்சுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. எல்லாச் சேனலும் எந்நேரமும் கீழே வரும்படி மேலே கையால் அமைக்க வேண்டும். டைனமிக் நிலையில் கோரிக்கை மேலே போகும், கேட்ட சேனல் மட்டும் வரும். பள்ளத்தாக்கின் சங்கிலிக்கு டைனமிக் நிலையே சரி.

புதிதாக அமைப்பவர்களை அதிகம் அலைக்கழிப்பது குவெரியர். குழுவில் யார் இருக்கிறீர்கள் என்று 125 நொடிக்கு ஒருமுறை கேட்கும் சாதனம் அது; பொதுவாக ரௌட்டர் இந்த வேலையைச் செய்யும். பொது விலானில் ரௌட்டர் இல்லாவிட்டால் ஒரு ஸ்விட்சைக் குவெரியராக நியமிக்க வேண்டும். மறந்தால் சேனல் முதலில் நன்றாகவே வரும். 260 நொடியில் குறிப்பு காலாவதியாகி, நாலு நிமிடம் சொச்சத்தில் படம் உறைந்துபோகும். சேனலை மாற்றித் திரும்பினால் மறுபடி வரும், மறுபடி நிற்கும். வாடிக்கையாளர் செட்டாப் பாக்ஸைக் குறைசொல்வார், டெக்னீஷியன் ஃபைபர் ஒளியளவை அளப்பார். கோளாறு இரண்டிலும் இருக்காது. இரு குவெரியர்கள் இருந்தால் குறைந்த ஐ.பி. முகவரி உள்ளது வெல்லும் என்பதால், அந்த முகவரியைத் தேனி முனையில் உள்ள ஸ்விட்சுக்கே கொடுத்துவைப்பது நல்லது.

சேனலை மாற்றியவுடன் பழையதை உடனே வெட்டும் வசதியை ஒரு போர்ட்டில் ஒரே பாக்ஸ் இருந்தால் மட்டுமே இயக்கலாம். கூட்டுக்குடும்ப வீட்டில் ஒரே போர்ட்டின் பின்னால் இரண்டு டிவி இருந்தால், ஒருவர் மாற்றும்போது மற்றவர் படமும் போய்விடும். யாரும் கேட்காத மல்டிகாஸ்டை எல்லாப் போர்ட்டுக்கும் விடாமல் தடுக்கும் அமைப்பையும் சேர்த்தே செய்துவிட வேண்டும்.

காற்றுக் காலத்தில் கம்பத்தில் தொங்கும் ஃபைபர் அறுபடுவது பள்ளத்தாக்கில் புதிதல்ல. தேனியிலிருந்து போடி, தேவாரம், கோம்பை வழியாக உத்தமபாளையத்துக்கு இன்னொரு பாதை போட்டால் வளையம் கிடைக்கும். கம்பத்துக்குத் தெற்கே அந்த வாய்ப்பு மிகவும் குறைவு. வளையம் திசைமாறும் நேரத்தில் ஸ்விட்ச் தன் குறிப்புகளை நம்பாமல், அடுத்த ஒன்றிரண்டு குவெரி வரை எல்லா மல்டிகாஸ்டையும் எல்லாப் பக்கமும் விடுவதுண்டு. வீட்டுப் பக்கம் 100 மெகாபிட் போர்ட் இருந்தால் அந்தச் சில நிமிடங்களில் அது திணறும். அந்தப் போர்ட்டுகளில் மட்டும் இவ்வெள்ளத்தை அடைத்துவைக்கும் கட்டளை பெரும்பாலான ஸ்விட்சுகளில் உண்டு.

இன்றைய நிலை

ஐ.பி.டிவிக்கான வழிகாட்டு நெறிகளை ஒன்றிய அரசு 2008 செப்டம்பரில் வெளியிட்டது. பி.எஸ்.என்.எல். தன் ஃபைபர் வாடிக்கையாளர்களுக்கான ஐ.எஃப்.டிவி சேவையை 2024 அக்டோபரில் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் தொடங்கியது. வீட்டுவரை ஃபைபர் வந்த இடங்களில் ஸ்விட்சின் பணியில் பெரும்பகுதியை ஓ.எல்.டி., அதாவது வீடுகளின் ஃபைபர்கள் ஆபரேட்டர் முனையில் வந்து சேரும் சாதனம், ஏற்றுக்கொண்டது. பொது விலான் அதிலும் அதே பெயரில் அமைக்கப்படுகிறது. செல்போனில் பார்க்கும் ஓ.டி.டி. நேரலைகள் ஆளுக்கொரு பிரதியாகவே வருகின்றன. அவை மல்டிகாஸ்ட் விலானுக்கு வெளியே உள்ளவை.